நாற்பத்தொன்றில் முடியும் போல்ட்

காப்பி ஆறுவதற்குள் இரண்டாவது துப்பாக்கியையும் முடித்துவிடலாம் என்று ஆரின் ஸ்கார் கராஜுக்குள் நுழைந்தான். அது மச்சான் வெர்னுக்கு. முதலாவதை ஆரினின் மனைவி மார்லிஸ் விடியும் முன்பே தோளில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். பதினான்கு வருஷம் குலுக்கலில் பெயர் போட்டுப் போட்டு, இந்த வருஷம்தான் அவளுக்குக் கொம்பன் எல்க் மானைச் சுட அனுமதிச் சீட்டு விழுந்திருந்தது. சீசனின் முதல் நாள் இன்றைக்கு.

இரண்டு துப்பாக்கிகளும் பழைய ராணுவச் சாமான்கள். உடல் ஒரு சந்தையில், குழல் ஒரு கடையில் வாங்கியது, தோளில் பதியும் கட்டை வால்நட் பலகையிலிருந்து அவனே செதுக்கியது. இரண்டு குளிர்காலம் பிடித்தது. அதற்குள் வெர்ன் செய்யாத கேலி இல்லை. "மச்சான், சமையல் மேசையில துப்பாக்கி செஞ்சா அது முட்டைதான் பொரிக்கும்" என்பான், வருகிற விருந்தாளிகள் எல்லாருக்கும் கேட்கும்படி.

ஆனால் ஆரின் வேலையில் சுத்தக்காரன். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்டை அந்தந்தக் குழலுக்கே பொருத்தி, மயிரிழை பிசகாமல் அளவுக் கட்டை போட்டுப் பார்த்திருந்தான். புதுத் துப்பாக்கியை யாரும் எடுத்தவுடன் தோளில் வைப்பதில்லை. மார்லிஸுடையதை லாரி டயரில் கட்டி, விசையில் கயிறு மாட்டி, வண்டிக்குப் பின்னால் பதுங்கிப் பத்து முறை இழுத்துச் சுட்ட பிறகுதான் அவள் கையில் கொடுத்தான். நேற்று மாலை கடைசி மெருகுக்காக இரண்டு போல்டையும் கழற்றினான். தேய்த்து, எண்ணெய் பூசி, திரும்ப மாட்டினான்.

இப்போது வெர்னின் துப்பாக்கியில் அளவுக் கட்டையைப் போட்டுப் போல்டை மூடினால் அது மூட மறுத்தது. இறுக்கமாக நின்றது. இழுத்து வெளியே எடுத்து அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தான். நாற்பத்தொன்றில் முடிந்தது. அது மார்லிஸுடைய போல்ட்.

இது இங்கே இறுகுகிறது என்றால் வெர்னுடையது அவளுடைய குழலில் தளர்ந்து கிடக்கும். தளர்ந்தால் பித்தளைக் கூடு பின்பக்கம் கிழியும், வெடிவாயு நேராகக் கண்ணுக்கு வரும். போன் போட்டான். வேட்டைக்குப் போனால் அணைத்துவிடுவாள், தெரிந்ததுதான். போல்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்போடு வண்டியேறிப் பாதி வழியில்தான் பூட்ஸ் மாட்டினான்.

அவள் சொல்லிவிட்டுப் போன ஸ்டில்சன் ஓடைக்கு மேலே வண்டி போகாது. பனியில் முட்டி வரை புதைந்து ஏறினான். ஐம்பத்தெட்டு வயது நெஞ்சு உலைத்துருத்தியாக இரைந்தது. முகட்டுப் பாறையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். கூப்பிடு தூரத்தில் அவளுடைய ஆரஞ்சு மேல்சட்டை. முதுகுப்பை மேல் துப்பாக்கியைச் சாய்த்துக் குப்புறப் படுத்திருந்தாள். எதிர்ச் சரிவில் கொம்பன், அம்மாடி, அப்படி ஒரு கொம்பன், பக்கவாட்டில் திரும்பி நின்றது.

ஆரின் வாயைத் திறந்தான். கத்தினால் போதும். அது ஓடிவிடும். பதினான்கு வருஷமும் அதோடு ஓடிவிடும். ஏன் கத்தினாய் என்று கேட்டால் போல்டை மாற்றி மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். வெர்னுக்குச் சாகும்வரை மெல்ல அவல் கிடைக்கும். ஒருவேளை ஒன்றும் ஆகாது. இந்தப் பாழாய்ப்போன ஒருவேளையில் அவன் வாய் திறந்தபடியே நின்றது.

வெடித்தது.

கொம்பன் நான்கடி தள்ளாடி விழுந்தது. மார்லிஸ் எழுந்தாள். அவள் முகத்தைப் பார்க்கும்வரை ஆரினுக்கு உயிர் திரும்பவில்லை. சறுக்கியும் உருண்டும் அவளிடம் போய்ச் சேர்ந்தான்.

"ஆரின்! நீ எங்கே இங்க? பாத்தியா அதை? ஒரே குண்டு! அழுகையா வருது எனக்கு."

அவன் துப்பாக்கியை வாங்கிக் கூட்டை வெளியே எடுத்தான். அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு வளையம் பளபளத்தது. அதில் பாதி கிழிந்து கரி படிந்திருந்தது. கூட்டையும் பையிலிருந்த போல்டையும் அவளிடம் நீட்டினான்.

"மாத்தி மாட்டிட்டேன். இனிமே இதுல சுடாதே."

அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வேட்டையாடுகிறவள். வெளுத்துப்போய்க் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் தோளை இறுகப் பிடித்தாள்.

"இதச் சொல்லத்தான் இப்படி விழுந்தடிச்சு ஓடி வந்தியா? பைத்தியக்காரா. உன் நெஞ்சு தாங்குமா? நல்லவேளை, எனக்கு ஒண்ணும் ஆகலை."

அதோடு விட்டிருக்கலாம். அவள் மன்னித்தும்விட்டாள். ஆனால் அந்தக் கை தோளில் இருக்க இருக்க அவனுக்குச் சுட்டது.

"மார்லிஸ், நான் அந்தப் பாறைகிட்ட நின்னேன்."

"எப்போ?"

"நீ குறி பாத்துக்கிட்டு இருந்தப்போ."

அவள் பாறையைப் பார்த்தாள். தூரத்தைக் கண்ணால் அளந்தாள். "அங்கேருந்து கத்தினா எனக்குக் கேட்டிருக்குமே."

"கேட்டிருக்கும்."

"ஏன் கத்தலை?"

"கொம்பன் ஓடிடும்னு..." என்று ஆரம்பித்தவனுக்கு அதோடு நிறுத்தினால் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. "வெர்ன் சிரிப்பான்னு."

கை தோளிலிருந்து இறங்கியது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. போல்டை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முதுகுப்பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"நானும் வரேன். அது எழுநூறு பவுண்டு இருக்கும், நீ ஒருத்தியா வெட்ட முடியாது."

"வேணாம். நீ கீழே போயி என் தம்பியை வரச் சொல்லு."

"வெர்னையா?"

"ஆமா. எதுக்கு நீ வரலைன்னு கேட்பான். என்ன நடந்துச்சோ அதைச் சொல்லு."

அவள் எதிர்ச் சரிவை நோக்கி நடந்தாள். ஆரின் வண்டிப்பக்கம் இறங்கத் தொடங்கினான்.