நவோசாவில் ஓர் அறை

அம்மாவின் கைப்பேசி மறுபடியும் அடித்தது. உலமிலா தகரப் பந்தலுக்கு அடியில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அம்மா கெலேரா, வீட்டுக்குள் சவப்பெட்டியில் கிடக்கிறாள். ஆனாலும் அவளைக் கூப்பிடுகிறவர்கள் ஓய்ந்தபாடில்லை. பாயின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டே உலமிலா எடுத்தாள். இறையியல் கல்லூரி முதல்வர்.

"மன்னிச்சுக்கம்மா, இந்த நேரத்துல போய்..."

"பரவால்ல ஐயா, சொல்லுங்க."

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் உங்கம்மா சபை ஒதுக்கிட்டுத்தான் போயிருக்காங்க. ஜூடித் ஒருத்திதான் பாக்கி. நாளைக்கு ஆராதனைல பேரு வாசிக்கணும். அவ பேர எடுத்துடலாமான்னு மத்த கல்லூரிக்காரங்க கேக்கறாங்க."

"எடுக்க வேணாம். ஜூடித்துக்கு நவோசான்னு வாசிங்க."

"நவோசாவா? அங்கதான் முடியாதுன்னு சொல்லிட்டாங்களே..."

"நவோசாதான் ஐயா," என்று சொல்லிவிட்டு வைத்தாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி அதை நடத்திக் காட்ட வேண்டும்.

தலைநகர் சூவாவைச் சுற்றியுள்ள நான்கு இறையியல் கல்லூரிகளும் ஒன்றையொன்று எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அவற்றை ஒரே மேசையில் உட்கார வைத்தவள் கெலேரா. கடைசி ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சபை அல்லாத வேறொரு சபையில் தங்கி ஊழியம் பழக வேண்டும் என்ற விதி அவள் சண்டை போட்டு வாங்கியது. மெதடிஸ்ட் பையன் கத்தோலிக்கப் பங்குக்குப் போவான், ஆங்கிலிக்கன் பெண் மெதடிஸ்ட் கிராமத்துக்குப் போவாள். "சொந்த அடுப்புல யாரு வேணா சமைப்பாங்க. அடுத்த வீட்டு அடுப்புல பத்த வெச்சுக் காட்டட்டும்," என்பாள். இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரைக் காணிக்கைக் கட்டாகச் சுமந்துகொண்டு ஒவ்வொரு ஊருக்கும் அவளே போவாள். பெரியவர்கள் முன் உட்கார்ந்து, வேரை வைத்து, இடம் கேட்டு வாங்கி வருவாள்; அவர்கள் வேரை எடுத்துக்கொண்டால் சம்மதம். உலமிலாவுக்குக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கிற பழக்கம்கூடக் கிடையாது. "இடத்தரகர் வந்தாச்சு" என்று அம்மாவைக் கிண்டல் செய்வாள்.

அப்படிப்பட்ட தரகரால் போக முடியாத ஊர் ஒன்றே ஒன்றுதான். அது அவள் பிறந்த நவோசா. அங்கே சபை மூப்பர் அவளுடைய அண்ணன் சமிசோனி. வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக்கூடாது, அதுதான் மரியாதை. சின்ன வயதில் நிறுத்திய பேச்சை இருவரும் நரைத்த பிறகும் தொடங்கவில்லை. மற்ற சபைகளெல்லாம் நிரம்பியோ கைவிரித்தோ போனபின், ஜூடித்துக்காக அம்மா வேறு வழியில்லாமல் லெமாலு என்ற சமோவா விரிவுரையாளரை அங்கே அனுப்பினாள். அந்த மனிதர் படகு போய்விடுமோ என்ற அவசரத்தில் வாசற்படியில் நின்றபடியே வேர்க்கட்டை நீட்டிவிட்டு, நின்றபடியே விஷயத்தையும் சொல்லிவிட்டார். "அறை இல்ல" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார் மாமா.

இந்த ஆண்டு ஊழியம் முடிக்காவிட்டால் ஜூடித்துக்கு உதவித்தொகையும் இல்லை, குருப்பட்டமும் இல்லை. சாலமன் தீவுக்கு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

உலமிலா பின்பக்கம் போனாள். ஜூடித் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் துணிப்பையக் கொண்டாந்து இங்க வெச்சுக்க."

"எதுக்கு அக்கா?"

"சாயங்காலம் நவோசாக்காரங்களோட படகுல போற."

ஜூடித் கத்தியைக் கீழே வைத்தாள். "அவங்கதான் வேணாம்னுட்டாங்களே. ஆத்து நடுவுல தள்ளிவிட்டா?"

"நீச்சல் தெரியும்ல?"

"தெரியும். பைக்குத்தான் தெரியாது," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணி அழுகை வந்துவிட்டது. உலமிலா அவள் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்பாவைத் தேடிப் போனாள்.

அப்பா இனோகே பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ஒரு வேர்க்கட்டு வேணும். நல்லதா பாத்துக் குடுங்க."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "வேணாம் உலா. மாமன்கிட்ட மருமக உரிமையில கேட்டா அவரால தட்ட முடியாது. ஊரையே எழுதிக் கேட்டாலும் குடுத்தாகணும். அதனாலதான் உங்கம்மா உன்னைக் கேக்க விடல. என்ன சொன்னா? வற்புறுத்தி வாங்குற இடம் இடமே இல்லன்னா. ஆஸ்பத்திரியிலகூட சொன்னாளே."

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"அவங்க சொன்னது அவங்களுக்கு. அந்தப் பொண்ணு ஊருக்குப் போய் என்னான்னு சொல்லுவா?"

அப்பா பெட்டியைப் பார்த்தார். எழுந்துபோய் வேர்க்கட்டை எடுத்து வந்து, ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

உச்சி வேளைக்கு நவோசாக்காரர்கள் படகுத்துறையிலிருந்து லாரியில் வந்து இறங்கினார்கள். பாய்கள், மண்ணெண்ணெய் டிரம், ஒரு மாடு, சாவுக்கு மரியாதையாகக் கொடுக்கும் திமிங்கிலப் பல். பந்தலில் வரிசையாக அமர்ந்து, அவர்களுடைய பேச்சாளர் தாழ்ந்த குரலில் துக்கம் சொல்லிப் பல்லைக் கொடுத்தார். இந்தப் பக்கத்துப் பேச்சாளர் வாங்கிக்கொண்டார். குழிந்த கைகள் தட்டும் சத்தம் எழுந்து அடங்கியது. சமிசோனி மாமா கடைசி வரிசையில், வீட்டு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தங்கை கிடக்கும் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மருத்துவமனையிலும் அப்படித்தான். தினமும் வந்து வராந்தாவில் நின்று ரெண்டு தரம் இருமுவார். உள்ளே அம்மா கண்ணைத் திறக்காமலே, "மாமா சாப்பிட்டாரான்னு கேளு," என்பாள். உலமிலா வெளியே போய்க் கேட்பாள். "சாப்பிட்டேன்னு சொல்லு. அவளுக்கு வலி இருக்கான்னு கேளு," என்பார். இப்படியே உள்ளேயும் வெளியேயும் நடந்து உலமிலாவுக்குக் கால் கடுக்கும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த இருவருக்கும் அவள்தான் வாய்.

உலமிலா குனிந்தபடியே வரிசைகளுக்கு நடுவே போனாள். ஆண்கள் பக்கம் ஒரு பெண் வருவதைப் பார்த்து முணுமுணுப்பு எழுந்தது. மாமாவுக்கு எதிரே காலை மடித்து உட்கார்ந்து வேர்க்கட்டை வைத்தாள்.

"மாமா, போன தரம் இது நின்னுக்கிட்டே வந்துச்சு. தப்புதான். இப்ப உக்காந்து வந்திருக்கு."

மாமா வேரைப் பார்த்தார். தொடவில்லை.

"சாலமன் தீவுப் பொண்ணு. பேரு ஜூடித். உங்க சபையில தங்கி ஊழியம் பழகணும்."

"பொம்பளப்புள்ள. வேற சபை. நம்ம பிரசங்க பீடத்துல ஏறுவாளா?"

"ஏறுவா. நல்லாவே பேசுவா. பிடிக்கலன்னா நீங்க தூங்கிக்குங்க, எப்பவும் தூங்குறதுதானே."

பக்கத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். மாமா சிரிக்கவில்லை.

"உங்கம்மா கேக்கச் சொன்னாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும். அம்மாவின் பெயரில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்ல மாமா. கேக்கவே கூடாதுன்னாங்க. வற்புறுத்தி வாங்கினா அது இடமே இல்லன்னாங்க. நான்தான் கேக்கறேன். உரிமையில கேக்கல. வேண்டாம்னா சொல்லிடுங்க, வேர எடுத்துக்கிட்டுப் போறேன். அந்தப் பொண்ணுகிட்டயும் நானே சொல்லிக்கறேன்."

உரிமையை மடியில் வைத்துக்கொண்டு கேட்காமல் விட்ட மருமகளை அங்கே யாரும் பார்த்ததில்லை. மாமா அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு அம்மாவின் நெற்றி, அம்மாவின் தாடை. பிறகு குனிந்து வேரின் மேல் விரலை வைத்தார். அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளாமல் அப்படியே தொட்டபடி இருந்தார்.

"எந்தப் பொண்ணு?"

உலமிலா பின்பக்கம் காட்டினாள். அடுப்படி மறைவில் ஜூடித் துணிப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கரி.

மாமா வேர்க்கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கைகள் தட்டின.

பெட்டியை எடுக்கும் நேரம் வந்தது. வீட்டுக்குள் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். மாமா எழுந்தார். பந்தலை விட்டு விலகிப் போவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் வாசற்படி ஏறி உள்ளே வந்தார். பெண்கள் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வழிவிட்டார்கள். பெட்டிக்கு அருகில் நின்று, வராந்தாவில் இருமுவதுபோல ரெண்டு தரம் இருமினார்.

பழக்கதோஷத்தில் உலமிலா எழுந்து அவர் பக்கம் வந்தாள், என்ன சொல்லச் சொல்லுவார் என்று கேட்க.

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அறை இருக்கு, கெலேரா," என்றார்.

கொண்டுபோய்ச் சொல்ல உலமிலாவுக்கு ஒன்றும் இல்லை. அவள் அங்கேயே நின்றாள்.