மேலே விழும் அருவி

"நம்ம காட்டுல ஒரு அருவி இருக்கு. அது கீழ விழாது. மேல விழும்."

எக்கார்ட் டோல்ட் இதைச் சொல்லி முடிப்பதற்குள் விடுதியின் பின்னறையில் எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாவது தெருவில் ஒரு நாய் பதில் குரைத்தது. மலைநடைச் சங்கத்தின் தலைவர் டிராவுட்வைனுக்கு பியர் நுரை மூக்கிலேறி, அவர் முதுகில் நாலு பேர் தட்ட வேண்டியதாயிற்று.

சிரித்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆட்டுக்குட்டி கனத்துக்கு மீன் பிடித்தேன் என்றவர் எக்கார்ட். மழைக்கு ஒரு காளானின் கீழே ஒதுங்கினேன், கூடவே தபால்காரரும் ஒதுங்கினார் என்று சத்தியம் செய்தவர். கருங்காடு என்ற அந்த ஜெர்மானிய மலைக்காட்டின் மேற்குச் சரிவில் அவர் அளவுக்குப் புளுகியவர் இல்லை. ஆனால் அருவி விஷயத்தில் மட்டும் அவர் புளுகவில்லை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு காற்று நாளில், வழி தவறிப் போய்த் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தது அது. பிற்பாடு யாரிடம் சொன்னாலும் மீனும் காளானும்தான் குறுக்கே வந்து நின்றன.

இப்போது நாளும் கையில் இல்லை. அடுத்த ஆகஸ்டில் எக்கார்டுக்கு எண்பது. எண்பது ஆனவர் சங்கத்தின் நடைக்குத் தலைமை தாங்க முடியாது. அடுத்த வருஷத்து நிகழ்ச்சி நிரலோ நவம்பர் முதல் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் மே மாதத்தில், தன் பெயருக்கு நேரே, "மேலே விழும் அருவிக்கு நடை" என்று ஒரே ஒரு வரி. அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு வரி வாங்குவதற்குள் மனிதர் படாத பாடு பட்டார்.

"அருவியைப் பார்த்துட்டு கேக்கு எங்க சாப்பிடறது?" என்றது முதல் கேள்வி.

"காட்டுக்குள்ள ஏதுய்யா கேக்கு?"

"கேக்கு இல்லாம நடையா? அதுக்குப் பேரு தண்டனை."

அருவிக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு காபிக்கடை இருந்தது. வழியை அங்கே வளைத்தார். வளைத்ததும் ஏற்றம் கூடிவிட்டது என்று முழங்கால் வலிக்காரர்கள் மூன்று பேர் கொடி பிடித்தார்கள். ஏற்றத்தைக் குறைத்தால் பஸ் நிறுத்தம் விலகிப் போனது. பஸ்ஸைப் பிடித்தால் மாட்டு மேய்ச்சல் வழி. நாய் வைத்திருந்தவருக்கு மாடு ஆகாது. நாய்க்கல்ல, அவருக்குத்தான். ஏழு தடவை வரைபடத்தை மடித்து விரித்ததில் அது நடுவில் கிழிந்தே போயிற்று. எல்லாருக்கும் ஒத்துவந்த ஒரே வழி, விடுதி வாசலில் கிளம்பி, கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்று சுற்றி, திரும்ப விடுதிக்கே வருவது.

"இதுல அருவி எங்கப்பா?" என்றார் டிராவுட்வைன்.

"பாத்ரூம்ல குழாயைத் திறந்து பாருங்க" என்றார் எக்கார்ட், பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசியில் அவர் கெஞ்சிய கெஞ்சலில் ஒரு வழி அரைமனதாகத் தேறியது. அதற்குப் பிறகுதான் ரோஸ்விதா கிம்மிக் அம்மாள் வாயைத் திறந்தார்.

நில அளவை அலுவலகத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர் ரோஸ்விதா. அந்தப் பக்கத்து மலைகளெல்லாம் அவரிடம் அனுமதி வாங்கித்தான் அத்தனை உயரம் நிற்கின்றன என்று ஊரில் பேச்சு. சங்கத்தின் பாதுகாப்புப் பொறுப்பும் அவர் கையில்தான்.

"அருவி இருக்கு, இல்லேன்னு சொல்லல. மெல்லிசா, எட்டு மீட்டர். ஆனா தண்ணி மேல போகாது எக்கார்ட். போகாததை நிரல்ல போட முடியாது."

"சின்ன அருவின்னு போட்டுடலாமே?" என்றார் டிராவுட்வைன்.

"சின்ன அருவி பார்க்க எவன் வருவான்? மேல விழுதுன்னு போடுங்க, இல்லேன்னா விடுங்க."

எந்த வழியானாலும் சொல்பவரும் இன்னொருவரும் முன்கூட்டி நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். அந்த இன்னொருவர் ரோஸ்விதாதான் என்று முடிவாயிற்று.

ஐந்து முறை போனார்கள். ஐந்து முறையும் உலகத்தில் காற்று என்று ஒன்று கண்டுபிடிக்கப்படாதது போன்ற நாட்கள். மரத்தில் ஓர் இலை அசைந்தால் அது பறவையால்தான். அருவி பரம சாதுவாக, நூல் பிடித்தாற்போல் கீழே விழுந்துகொண்டிருந்தது. ரோஸ்விதா ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டை எடுத்து, "கீழ்நோக்கி" என்று எழுதி மூடினார்.

"அம்மா தாயே, மேற்கத்திக் காத்து பள்ளத்தாக்கு வாய்க்குள்ள நேரா பூந்தாதான் தண்ணியைத் தூக்கும். சும்மா இருக்கறப்போ எப்படித் தூக்கும்?"

"அப்போ காத்தடிக்கறப்போ கூட்டிட்டு வாங்க."

"வர்றீங்களா?"

"எப்படி வர்றது? காத்தடிச்சா சங்கத்து ஆளு யாரும் காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. மரம் விழும்."

"அந்த விதியை எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தான்" என்றார் ரோஸ்விதா.

எக்கார்ட் அன்றைக்குத் திரும்பி நடந்தபோது வழியில் கிடந்த ஊசியிலை மரத்துக் காய்களை ஒன்று விடாமல் உதைத்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலை அடைந்தபோது ஒரு பூட்ஸின் முனை பிளந்திருந்தது.

அக்டோபர் கடைசி வியாழன். காலையிலேயே வானொலி புயல் எச்சரிக்கை சொன்னது. மத்தியானத்துக்குள் காற்று பக்கத்து ஊர்த் துணிகளையெல்லாம் இந்த ஊர்க் கொடிகளில் காயப்போட்டுவிட்டது. எக்கார்ட் ரோஸ்விதாவுக்கு ஃபோன் போட்டார். பதினோரு தடவை மணி அடித்தும் எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டா. காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு விதியைப் படிச்சுக்கிட்டிருப்பா" என்று திட்டிக்கொண்டே பிளந்த பூட்ஸை மாட்டினார். யாரும் நம்பாவிட்டாலும் போகிறது. தனக்காவது இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும்.

அவர் நடந்தார் என்பதைவிடக் காற்று அவரை எடுத்துப் போனது என்பதே சரி. பள்ளத்தாக்கின் வளைவைத் தாண்டியதும் நின்றார். பாறை விளிம்புக்கு வந்த தண்ணீர் கீழே எட்டிப் பார்த்துவிட்டு மனசு மாறியதுபோல் திரும்பி, வெள்ளைத் துணியாக உயர்ந்து, மரத்தலைகளுக்கு மேலே பறந்து போனது. கீழே குளத்தில் ஒரு சொட்டு விழவில்லை. கூழாங்கற்கள் வெளுக்க ஆரம்பித்திருந்தன.

அருவிக்கு நேர் கீழே, எட்டு மீட்டர் தண்ணீர் தலையில் இறங்க வேண்டிய இடத்தில், மஞ்சள் மழைக்கோட்டில் ஓர் உருவம் நின்றது. முடிகூட நனையவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"ரோஸ்விதா?"

உருவம் திரும்பியது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு நொடி மூச்சு வாங்க நின்றது. மேலே போன தண்ணீர் அத்தனையும் மொத்தமாக அந்த அம்மாள் தலையில் இறங்கியது.

எக்கார்ட் கைகொடுத்து இழுத்துக் கரையேற்றினார்.

"நான் இங்க இல்ல" என்றார் ரோஸ்விதா, பல் கிடுகிடுக்க.

"சரிம்மா."

"நீங்களும் இங்க இல்ல."

"சரிம்மா."

"விதியை எழுதினவளே மீறினான்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். வாக்குக் குடுங்க."

எக்கார்ட் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க நடக்காததைச் சொல்லிக்கொண்டிருந்தவர், நடந்த ஒன்றைச் சொல்லாமலிருக்க வாக்குக் கொடுத்தார். வீடு போய்ச் சேர்ந்ததும், வாக்கைக் கொடுத்த கையைப் பார்த்து ஒரு மணி நேரம் திட்டினார்.

நவம்பர் முதல் சனிக்கிழமை. பின்னறையில் அச்சுக்குப் போக வேண்டிய தாள் மேஜையில் கிடந்தது.

"எக்கார்ட், உங்க அருவி மேல போனதுக்குச் சாட்சி?" டிராவுட்வைன் பேனாவைத் திறந்தார்.

எக்கார்ட் நிமிர்ந்து பார்த்தார். எதிரே ரோஸ்விதா கைக்குட்டைக்குள் தும்மிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, வாய் இருக்கற மனுஷன் நீங்க! மீனுக்கு இருந்தது, காளானுக்கு இருந்தது, இதுக்கு இல்லையா?"

அறை சிரித்தது.

"அடிச்சிருங்க" என்றார் எக்கார்ட். "வரியை அடிச்சிருங்க."

பேனா தாளைத் தொட்டது.

"பொறுங்க." ரோஸ்விதா எழுந்தார். மூக்கு சிவந்திருந்தது. "வியாழக்கிழமை மூணு மணிக்கு நான் அங்க இருந்தேன்."

"வியாழக்கிழமை புயல் எச்சரிக்கை ஆச்சே!"

"தெரியும். அஞ்சு தடவை கீழ விழறதைப் பார்த்தும் தூக்கம் வரல, போயிட்டேன். தப்புதான். பாதுகாப்புப் பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இந்த மனுஷன் எனக்குக் குடுத்த வாக்குக்காகத் தன் வரியையே அடிக்கச் சொல்றாரு, அதை என்னால உட்கார்ந்து பார்க்க முடியல."

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"எழுதுங்க டிராவுட்வைன். தண்ணி மேலதான் போச்சு. நேர் கீழ நின்னவ நான்."