நல்ல கை

அணியில் எல்லோரும் அவளை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். வாலிபால் வலைக்கு மேலே எழும்பி அடிக்கிற உயரம் அப்படி. அந்த ஏணி இப்போது பிசியோ அறை மேசையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். வலது தோள் கிழிந்து, மாதக்கணக்கில் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாயிற்று. இன்று பிசியோ அக்கா "ஆடலாம்" என்று சொன்னால் நாளைக்குப் போட்டிக்குக் கிளம்பும் பேருந்தில் இடம் உண்டு. இல்லையென்றால் இந்த வருஷமும் போச்சு.

சோதனை என்று பெரிதாக ஒன்றுமில்லை. குப்புறப் படுத்து, கையைத் தொங்கவிட்டு, ஒரு சின்ன எடையைப் பக்கவாட்டில் தூக்கவேண்டும். மேலே ஒரு நூல் கட்டியிருக்கும். கை அதைத் தொடவேண்டும். போனில் டிக் டிக்கென்று ஓசை வரும். அதற்கேற்பத் தூக்கி இறக்கவேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை நூல் எட்டாமல் போனால் அத்தோடு சரி. முதலில் அடிபடாத கை, பிறகு அடிபட்ட கை. இரண்டும் ஏறக்குறைய சமமாக வரவேண்டும். ஒரு பந்தை ஓங்கி அடிக்க யாராலும் முடியும். கடைசி செட்டிலும் தோள் தாங்குமா என்பதுதானே கேள்வி?

இதிலும் தில்லுமுல்லு உண்டு. கேப்டன் காலையில்தான் காதைக் கடித்தாள். "நல்ல கையில கொஞ்சம் அடக்கி வாசிடி. அது கம்மியா வந்தா, இதுவும் கம்மியா வர்றது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுத்தான் ஏணி வந்தாள். பயம் வந்தால் வீராப்பு எங்கே நிற்கும்? இடது கை அலட்டிக்கொள்ளாமல் தூக்கிக்கொண்டிருந்தது; இன்னும் எவ்வளவோ தூக்கியிருக்கும். படுபாவி, நூலுக்குக் கீழேயே கையை நிறுத்தினாள். அடுத்த தடவையும் அப்படியே. "முடியலக்கா" என்று ஒரு பெருமூச்சு வேறு.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

அடுத்தது வலது கை. இதோ வலிக்கப்போகிறது, இதோ சுருக்கென்று பிடிக்கப்போகிறது என்று ஒவ்வொரு டிக்குக்கும் பயந்து செத்தாள். வலிக்கவில்லை. எத்தனை ஆனது என்று அவளுக்குத் தெரியாது, எண்ணுவது அக்கா. குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள், தூக்கினாள், தோள் தானாகத் துவளும்வரை தூக்கினாள்.

அக்கா போனை நிறுத்தினாள். "வலது கை பிரமாதமா தேறிடுச்சு. பிரச்சினை இடதுலதான். இத்தனை மாசமா எல்லா பாரத்தையும் அதுமேலயே போட்டிருக்க. இவ்வளவு வித்தியாசத்தோட உன்னை அனுப்ப முடியாது."

ஏணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, இடது கையில நான் வேணும்னேதான் விட்டேன். சத்தியமா."

"ஆடணும்னு ஆசைப்படுற எவளும் இப்ப இதைத்தான் சொல்லுவா. வலது தோள் கிழியறதுக்கு முந்தின நாள்கூட 'வலிக்கவே இல்லக்கா'ன்னு சத்தியம் பண்ணினவதானே நீ?"

"இப்பவே திரும்பச் செஞ்சு காட்டறேன்."

"களைச்ச தோளை வெச்சு எடுத்தா அது கணக்குலயே வராது. ரெண்டு நாள் போகட்டும்."

ரெண்டு நாளில் போட்டியே முடிந்துவிடும். ஏணி எடையை இடது கையில் எடுத்துத் தூக்க ஆரம்பித்தாள். கை நூலைத் தொட்டது. மறுபடியும் தொட்டது. அக்கா பதறிப்போய் அவள் விரல்களைப் பிரித்து எடையை வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்மா, இந்தத் தோளையும் கெடுத்துக்காத" என்றாள், நிஜமான அக்கறையோடு. பிறகு பயிற்சியாளரிடம் சொல்ல வெளியே போனாள்.

ஏணி மேசையில் முகம் புதைத்து அழுதாள். இரண்டு தோளிலும் வலியே இல்லை.