மழை பெய்த வியாழக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளைவ் தொலைபேசியில் கூப்பிட்டபோது மொரீன் கேரட் சீவிக்கொண்டிருந்தாள். அண்ணனின் அழைப்பு வாராவாரம் அந்த நேரத்துக்குத்தான் வரும். அவள் கை அப்போது ஈரமாகத்தான் இருக்கும். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அடுப்பில் கறி இருக்கிறது, சீக்கிரம் சொல் என்றாள்.

"படம் கிடைச்சிருச்சு மொரீன். அறுபத்தாறு ஏப்ரல். 'சிக்ஸ் தர்ட்டி ஷேக்'."

அந்த நிகழ்ச்சியின் பெயரைக் கேட்டே ஐம்பத்து மூன்று வருடமாக அவள் காது புளித்திருந்தது. வியாழன்தோறும் மாலை ஆறரைக்கு வரும். எங்கிருந்தோ பிடித்து வந்த பையன்கள் கிடாரை மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். அந்த நாடாக்களை எல்லாம் தொலைக்காட்சி நிலையத்தார் அழித்து, அதன் மேலேயே குதிரைப் பந்தயத்தைப் பதிந்துவிட்டார்கள். இப்போது நியூசிலாந்தில் ஒரு கிட்டங்கியில், அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு விற்ற படச்சுருள் ஒன்று கிடைத்திருக்கிறதாம். யார்க்கில் இருக்கிற திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். ஆனால் படம் மட்டும்தான். ஒலி தனிச் சுருளில் போயிருந்தது, அதைக் காணவில்லை.

"சத்தம் உலகத்துலேயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு," என்றான் கிளைவ்.

"கூடவே என் வாயும் இருக்குமே."

"இருக்கும். ஊரக் கூட்டிப் போட்டுக் காட்டத்தான் போறேன்."

அப்போது அம்மா வீட்டிலிருந்து வந்த கூடத்துக் கடிகாரம் பதினொன்று அடித்தது. முழுவதும் அடித்து முடிக்கும்வரை கிளைவ் பேசாமல் இருந்தான். "அந்தச் சனியன இன்னுமா நீ சரி பண்ணல? பதினொண்ணுக்கு நாலு நிமிஷம் இருக்கு."

கடிகாரத்தைக் குறை சொல்கிறவன் முதலில் போன மாதம் கொண்டுபோன கேசரோல் பாத்திரத்தைத் திருப்பித் தரட்டும் என்றாள் மொரீன். செவ்வாய்க்கிழமை பாத்திரமும் நாடாவுமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

திங்கட்கிழமை காலை முடி வெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிளைவ் இறந்துபோனான். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு பக்கம் முழுக்க வெட்டி முடித்துவிட்டேன் என்று கடைக்காரர் அவளிடம் சொல்லி அழுதார். அடக்கத்துக்கு முந்தைய நாள் அவரே கத்தரிக்கோலும் சீப்புமாக வந்து மறுபக்கத்தையும் வெட்டிவிட்டுப் போனார்.

பாத்திரம் கிளைவின் வீட்டு வாசலருகே நாற்காலி மேல், கழுவித் துடைத்து, பைக்குள் இருந்தது. நாடா இல்லை. அல்லது எல்லாமே நாடாவாக இருந்தது. படுக்கையறைச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூல் நாடா. மொரீன் எண்ணினாள், நூற்று நாற்பத்தேழு. ஒன்றிலும் ஓர் எழுத்துகூட இல்லை. பட்டியல் எழுதி வையேன் என்று யாராவது சொன்னால் அவன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவான். எல்லாம் இங்கே இருக்கிறது என்பான்.

வீடு நகராட்சியுடையது. இரண்டு வாரத்தில் காலி செய்து சாவியைத் தர வேண்டும். காப்பகத்தில் இந்த வேலையைப் பார்த்த ஷபானா என்கிற பெண் தொலைபேசியில் பரிவாகத்தான் பேசினாள். எல்லாப் பெட்டிகளையும் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவேட்டில் ஏற்ற மூன்று வருடமாவது ஆகும், வரிசையில் நிறைய இருக்கின்றன என்றாள். நவம்பரில் பொதுமக்களுக்குப் படத்தைத் திரையிடுகிறார்கள். அதுவரை ஒலி கிடைக்காவிட்டால் ஊமைப் படமாகவே ஓட்டிவிடுவார்கள்.

"ஊமையா ஓட்ட வேண்டாம்," என்றாள் மொரீன். "நான் கண்டுபிடிச்சுத் தர்றேன்."

நார்மன் சிரித்தான். கிளைவின் நாற்பது வருடத்துக் கூட்டாளி அவன். பழைய பாட்டு என்றால் இசைத்தட்டின் எண்ணையே சொல்லக்கூடியவன். டேப் ரெக்கார்டருக்குப் புது ரப்பர் பட்டை போட்டுக் கொடுத்ததும் அவன்தான். தன்னாலேயே முடியாது என்றான். அன்றைய நிகழ்ச்சியில் பாடிய மூன்று குழுவும் இசைத்தட்டே போடாதவை. அவர்கள் பாட்டு எப்படி இருக்கும் என்று இன்று யாருக்கும் தெரியாது. அறிவிப்பாளர் பெயர் சொல்வாரே என்றால் அதுவும் இல்லை. நாடா விலை அதிகமென்று, யாராவது பேச ஆரம்பித்தால் கிளைவ் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவான். பாட்டு மட்டும்தான் இருக்கும், தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல்.

"நீ வேற. மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டே மூக்குக் கண்ணாடியத் தேடுறவ," என்றான் நார்மன்.

"தேடுறேன்ல? கிடைக்குதுல்ல?"

முதலில் ஆறு நாடாக்கள் கேட்டாள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. டிரம், கிடார், வாலிபக் குரல்கள், காதலி, காதலி, மறுபடியும் காதலி. ஏழாவதைக் கேட்கும்போதுதான் பாட்டுக்கு அடியில் வேறொன்று ஓடுவதைக் கவனித்தாள். மீன் கட்டிகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் அவள் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் எந்த இயந்திரப் பட்டை அறுபடப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். பாட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். கணப்பில் நிலக்கரி சரிந்தது. அப்பா இருமினார். அடுப்படியில் அம்மா ஒரு தட்டை இன்னொரு தட்டின் மேல் மிகமிக மெதுவாக வைத்தாள்.

மொரீன் ரெக்கார்டரை நிறுத்தினாள். அப்புறம் எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டாள்.

வியாழக்கிழமை ஆறரை என்றால் அந்த வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, அதில் தலையணை வைத்து, அதன் மேல் மைக்கைச் சாய்த்திருப்பான் கிளைவ். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடப்பாள். கப்பலிலிருந்து மீன் இறக்கிவிட்டு வந்த அப்பா, கை கழுவக் குழாயைக்கூடத் திறக்காமல் நாற்றத்தோடு உட்கார்ந்திருப்பார். கிளிக்கூண்டின் மேல் போர்வை. இதையெல்லாம் மீறித்தான், அந்த ஏப்ரல் மாதம், மழையில் நனைந்து வந்த பதினான்கு வயது மொரீன், மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, 'என் காலுறைய எவன் எடுத்தான்' என்று கத்திவிட்டாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கிளைவ் இதைச் சொல்வான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் மன்னிப்புக் கேட்பாள். அவள் மருமகன் முதல்முதலாக வீட்டுக்கு வந்த அன்றும் சொன்னான். அவள் கணவனின் அடக்கத்தன்றும், தேநீர் குடிக்கும்போது, அழுதுகொண்டிருந்தவளைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னான்.

மறுநாள் முதல் அவள் நாடாக்களில் பாட்டை விட்டுவிட்டு வீட்டின் சத்தங்களைத் தேடினாள். கிளி அவளுடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு வந்தது, நவம்பரில். அடுத்த கோடையில் செத்துப்போனது. போர்வைக்குள்ளிருந்தும் அது சும்மா இருக்காது, கூண்டுக் கம்பியை அலகால் சுரண்டும். சுரண்டல் கேட்காத பெட்டிகளை வலப்பக்கச் சுவரோரம் அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து நிமிடம் போதும். ஒன்பது நாளில் கிளி இருக்கிற பெட்டிகள் இருபத்திரண்டு தேறின. கையில் பருத்தித் துணி உறை, கழுத்தில் கிளைவின் ஹெட்ஃபோன், மதியத்துக்கு முட்டை சாண்ட்விச். தினமும் வந்து எட்டிப் பார்த்த நார்மன் கேலியை நிறுத்திவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தான்.

இருபத்திரண்டில் மழை தேடினாள். அடுப்படிக்குப் பின்னால் தகரக் கூரை. அதில் மழை விழுந்தால், வாணலியில் மீன் பொரிகிற மாதிரி இருக்கும். பதின்மூன்றாவது நாள் காலை, பதினேழாவது நாடாவில் மீன் பொரிந்தது. பின்கதவு திறக்கும் சத்தம். ஈரச் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டி வந்தது.

"வா, வந்து கேளு," என்று நார்மனை அழைத்துச் சத்தத்தை வெளியே திருப்பினாள்.

மூன்றாவது பாட்டு. பையன்கள் நன்றாகத்தான் பாடினார்கள். இரண்டாவது முறை பல்லவி வந்தபோது, அவர்களோடு இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. மைக்குக்குப் பக்கத்திலேயே, உடைந்துகொண்டிருக்கிற பதினாறு வயதுக் குரல். சுருதி எங்கோ போனது. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற குரல் என்று கேட்டாலே தெரிந்தது. ஒரு வரி, இன்னொரு வரி. பிறகு ஒரு சிறுமியின் பயந்த கிசுகிசுப்பு.

"கிளைவ், பாடாத. ரெக்கார்ட் ஆகுது."

குரல் பாதியில் நின்றது. பாட்டு தொடர்ந்தது. காலுறை பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசி வரிகளின் மேல் கூடத்துக் கடிகாரம் ஏழு அடித்தது. நிகழ்ச்சி முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

நார்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான். "திருட்டுப் பய. அவனே பாடிட்டு அவனே…"

மொரீனும் சிரித்தாள். சிரித்தபடியே கை பைக்குள் போய் தொலைபேசியை எடுத்தது. கிளைவின் எண்ணைப் பாதி அழுத்திய பிறகுதான் நினைவு வந்தது. அவன் தெரிந்தேதான் பொய் சொன்னானா, இல்லை சொல்லிச் சொல்லி அவனுமே நம்பிவிட்டானா? அவளே நம்பியிருந்தாளே. கத்தியபோது தொண்டை எரிந்ததுகூட அவளுக்கு நினைவிருந்ததே. கேட்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

சாவியை ஒப்படைத்த மறுவாரம் ரயிலேறி யார்க் போனாள். சின்ன அறை, சின்னத் திரை. ஷபானா படத்தையும் ஒலியையும் சேர்த்து ஓட்டினாள். கட்டம்போட்ட கோட்டு மாட்டிய மூன்று பையன்கள் வாயைத் திறந்தார்கள், அவள் வீட்டு மழைக்குள்ளிருந்து பாட்டு வந்தது. பல்லவியில் திரையிலே மூன்று வாய்கள், காதிலே நான்கு குரல்கள்.

"அந்தக் குரலையும் அந்தக் கிசுகிசுப்பையும் எங்களால முழுசா எடுத்துட முடியும்," என்றாள் ஷபானா. "அசல் நாடா அப்படியே பத்திரமா இருக்கும். திரையிடுறதுக்கு மட்டும். உங்க அண்ணன் எழுதின கடிதத்துல, தங்கச்சி குரல தயவுசெஞ்சு சுத்தம் பண்ணிடுங்கன்னுதான் கேட்டிருந்தாரு."

மொரீன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். அம்மாவின் காலுறை நடை ஞாபகத்துக்கு வந்தது. சுத்தமான ஒலிக்காகத்தான் அவன் ஒரு வீட்டையே வாய் மூட வைத்தான். அவனைக் கேட்டால் எடுத்துவிடு என்றுதான் சொல்வான். கெஞ்சிக்கூடக் கேட்பான்.

"முதல் ரெண்டு பாட்ட சுத்தம் பண்ணுங்க. அப்பா இருமல், கிளி, மழை எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. மூணாவதுல கை வைக்க வேண்டாம்."

"நிச்சயமா?"

"அம்பத்து மூணு வருஷம் ஊரெல்லாம் என் பேரச் சொன்னான் கண்ணு. ஊரும் ஒரு தடவ கேக்கட்டும்."

ஷபானா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். பிறகு தயங்கி, கடைசியில் வருகிற மணியோசை டிரம்மோடு கலந்து போயிருக்கிறது, எதுவும் செய்ய முடியாது, பரவாயில்லையா என்று கேட்டாள். அது அப்படித்தான் என்றாள் மொரீன்.

தன் ஊரான க்ரிம்ஸ்பிக்குத் திரும்பும்போது சாயங்காலமாகியிருந்தது. கோட்டைக் கழற்றி மாட்டினாள். கேசரோல் பாத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்து உருளைக்கிழங்கு அரிந்து போட்டாள், ஒருத்திக்கு அதிகம்தான். ரேடியோவைப் போட்டாள். யாரோ பருவநிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கூடத்தில் கடிகாரம் ஏழு அடித்தது. அவள் கத்தியை வைத்துவிட்டு நின்றாள். ரேடியோக்காரர் இன்னும் நான்கு நிமிடம் பேசினார், அதன் பிறகுதான் ஏழு மணிச் செய்தி வந்தது.