ஆறாவது பதார்த்தம்

அந்த உணவகத்தில் எதையும் ஒருமுறைதான் கேட்பார்கள். வேண்டும் என்றால் தருவார்கள். வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதற்கப்புறம் அந்தப் பொருள் உங்களுக்குக் கிடையாது. வாசலில் பித்தளைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். நானும் படித்தேன். செருப்பை எங்கே விடுவது என்று போட்டிருக்கிறதா என்றுதான் தேடினேன்.

எங்கள் கல்யாண நாளுக்காக மகள் பெங்களூரில் இருந்துகொண்டே மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை பதிவு செய்திருந்தாள். கோயமுத்தூரில் இப்படியொரு இடம் இருப்பது எனக்குத் தெரியாது. என் மனைவி தெய்வானைக்கும் தெரியாது. அவள் முகூர்த்தப் பட்டு உடுத்தியிருந்தாள். நான் பம்ப்செட் கடைத் திறப்பு விழாவுக்குத் தைத்த சட்டையும் வேட்டியும்.

வாசலிலிருந்து மேசைக்கு ஒரு நடைபாதை. கம்பளம் விரித்திருந்தது. நடக்க நடக்க அது நீண்டது. சூலூர் தாண்டியதும் தெய்வானைக்குக் கால் வலித்தது. பல்லடம் பஸ் ஒன்று எங்களை ஒட்டி வந்து நின்றது.

"சாப்பாட்டுக்குங்களா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க."

"அப்ப நடங்க. இது அங்க போகாது," என்று விசில் ஊதினார்.

மேசையருகே வெயிட்டர் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கோட்டில் அருள்தாஸ் என்று பெயர் குத்தியிருந்தார். ஓர் அட்டையை நீட்டினார். ஏழு பதார்த்தம் அச்சடித்திருந்தது. தண்ணீர், சூப், அவரைக்காய், ஜன்னல், ஆட்டுக்கறி, எதிரே இருப்பவர், இனிப்பு.

"ஆறாவது என்னங்க?" என்று கேட்டேன்.

"எதிர்ல இருக்கறவங்க வேணுமா வேண்டாமான்னு கேப்போமுங்க சார். வேண்டாம்னா எடுத்துருவோம்."

"எங்க?"

"உள்ளேங்க."

நல்ல இடங்களில் எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு வைத்திருப்பார்கள். நான் தலையாட்டினேன்.

"தண்ணி வேணுங்களா சார்?"

"பரவாயில்லீங்க," என்றேன்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. கேட்டவுடன் வேணும் என்றால் பறக்காவெட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். தெய்வானையைப் பெண் பார்க்கப் போனபோது காபி வேண்டாம் என்று அப்படி அடம்பிடித்தேன். அவள் அப்பா அதட்டித்தான் குடிக்க வைத்தார். பெண் பிடிச்சிருக்கா என்றதற்கும், "உங்க இஷ்டமுங்க" என்றேன். அதற்கும் ஓர் அதட்டு விழுந்தது. இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

அருள்தாசுக்கு அதட்டத் தெரியவில்லை. "நல்லதுங்க சார்," என்று தலை குனிந்து கூஜாவை எடுத்துக்கொண்டு போனார். கூடவே என் தாகத்தையும் எடுத்துக்கொண்டார். போகட்டும், அது பழைய தாகம்தான்.

சூப் வந்தது. "எனக்கெதுக்குங்க, அவருக்குக் குடுங்க," என்றாள் தெய்வானை. "எனக்கெதுக்குங்க, அவளுக்கே குடுங்க," என்றேன் நான். அருள்தாஸ் இரண்டையும் எழுதிக்கொண்டு சூப்பை உள்ளே கொண்டுபோனார்.

அப்புறம் ஒரு தட்டு வந்தது. வண்டிச் சக்கரம் அளவு. நடுவில் ஒரே ஒரு அவரைக்காய் இருந்தது.

"செஃப் இதைப் பதினோரு நாள் யோசிச்சாருங்க," என்றார் அருள்தாஸ்.

"சமைச்சாரா?"

"இல்லீங்க சார். யோசிச்சாரு. வேணுங்களா?"

எனக்கு எச்சில் ஊறியது. வேணும் என்றுதான் சொல்ல வந்தேன். "இப்பத்தான் சாப்ட்டு வந்தோமுங்க," என்று வந்தது. பச்சைப் பொய். இங்கே வருவதற்காகக் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டிருந்தோம். அவரைக்காய் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஜன்னலை நான் கவனிக்கவேயில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நல்ல ஜன்னல் என்று தெரிந்தது. மருதமலை முழுசாகத் தெரிந்தது. நாலு பேர் வந்து அதைக் கழற்றி, மலையோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆட்டுக்கறி என்றால் தெய்வானைக்கு உயிர். மூடியைத் திறந்ததும் மிளகும் கொத்தமல்லியும் கமகமவென்று வந்தன. மேசைக்கடியில் அவள் காலைத் தட்டினேன். சொல்லித் தொலை என்று அர்த்தம். அவள் திருப்பித் தட்டினாள். நீங்க சொல்லுங்க என்று அர்த்தம். நாங்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதே கறி போய்விட்டது.

அடுத்தது ஆறாவது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இங்க பாரு தெய்வா," என்றேன். "இந்தத் தடவ மரியாதையெல்லாம் பாக்காத. கேட்டா வேணும்னு பட்டுனு சொல்லீரு."

"உங்களக் கேட்டா?"

"நானும் சொல்லீர்றேன்."

"எங்க, சொல்லிப் பாருங்க."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கொட்டாவி மாதிரி மூடிக்கொண்டேன்.

"பாத்தீங்களா," என்றாள்.

அருள்தாஸ் வந்து அவள் பக்கம் குனிந்தார். "அம்மா, எதிர்ல சார் இருக்காருங்க. வேணுங்களா?"

பக்கத்து மேசைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர்தான் இருந்தார். தெய்வானைக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் புருஷன் வேணும் என்று எந்தப் பொம்பளை சொல்வாள்? முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பரவாயில்லீங்க," என்றாள்.

அடிப்பாவி.

அருள்தாஸ் என்னை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். மரியாதையாகத்தான் தூக்கினார், துளியும் சிந்தவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வெளியே கோபம் என்றுதான் சொல்வேன். உள்ளே அழுகை.

சமையலறை முழுக்க அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் ஆட்கள் மேசை எண் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். என்னை ஒரு ரிட்டயர்டு தாசில்தாருக்கும் யாருடைய சம்பந்தியம்மாளுக்கோ நடுவே வைத்தார்கள். எங்கள் ஜன்னலைச் சுவரில் சாய்த்திருந்தார்கள், மலை ஓரத்தில் கசங்கியிருந்தது. மூலையில் செஃப் யோசித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல சும்மா மரியாதைக்குச் சொன்னாங்க," என்றார் தாசில்தார்.

"எனக்கும் அப்படித்தானுங்க."

"இங்க எல்லாத்துக்குமே அப்படித்தானுங்க," என்றார் சம்பந்தியம்மாள்.

"கதவு பூட்டியிருக்குதுங்களா?"

"இல்லீங்க. தொறந்துதான் கெடக்குது."

"அப்புறம் ஏன் போகலீங்க?"

தாசில்தாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேண்டாம்னு சொன்ன எடத்துல போயி நின்னு, நான் வேணுமான்னு எப்படிங்க கேக்கறது? மானம் மருவாதி இல்லீங்களா? நான் மூணு வருஷமா இருக்கேன். ஏசி நல்லா இருக்குது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் மானஸ்தன்தான். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஏசியும் நன்றாகத்தான் இருந்தது.

கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் வழியே தெய்வானை தெரிந்தாள். இனிப்பு வந்தது. தலையை ஆட்டினாள், அதுவும் போனது. அவள் முன்னால் ஒன்றுமே இல்லை. மேசை விரிப்பில் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் முடிந்ததும் எட்டி என் பக்கத்தையும் நீவினாள்.

எனக்குத் தாங்கவில்லை. தட்டிலிருந்து இறங்கினேன்.

"எங்கீங்க?" என்றார் தாசில்தார்.

"கேட்டுட்டு வந்தர்றேனுங்க."

"அசிங்கமுங்க."

"ஆமாங்க," என்றேன்.

கதவிலிருந்து மேசைக்கு நாலு எட்டுதான். என்னைக் கண்டதும் அந்தத் தூரம் நீள ஆரம்பித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். காங்கயம் தாண்டி அதற்கு மூச்சு வாங்கியது, நின்றுவிட்டது. நான் வேர்வையோடு மேசை முன்னால் போய் நின்றேன்.

"தெய்வா, நான் வேணுமா?"

அருள்தாஸ் பதறிப்போய் வந்தார். "சார், ரெண்டாவது தடவ கேக்கறது இங்க வழக்கமில்லீங்க."

"எங்க ஊட்டு வழக்கமுங்க," என்றேன்.

தெய்வானை நிமிரவில்லை. பரிமாற வருகிறவர்களைத் தடுக்க இலைக்கு மேல் கையை விரிப்போமே, அப்படி வெறும் மேசை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தாள்.

"இருக்கட்டுமுங்க," என்றாள்.

மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். "அட, வாயத் தொறந்து சொல்லு புள்ள! எனக்கு நீ வேணும். உனக்கு நான் வேணுமா வேண்டாமா?"

யாரோ ஒருவர் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. கண்ணாடி வட்டத்தில் தாசில்தார் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வானை மேசை மேலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தாள்.

"கொஞ்சமா வைங்க," என்றாள்.

அருள்தாஸ் எழுதிக்கொண்டார். நான் நாற்காலி நுனியில் பாதி மட்டும் உட்கார்ந்தேன்.