ராஜா போறது, ராணி இருக்கிறது

என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு கல்லூரியில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்தால் சீட்டு வித்தைக்காரர். கடலூரில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அவருடைய புத்தகங்கள்தான். கணக்கை வைத்துச் செய்யும் மாயம், சீட்டு வித்தை, எந்த நாட்டு வித்தைக்காரன் எப்படி ஊரை ஏமாற்றினான் என்கிற சரித்திரம்.

கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கே போவது என்று முடிவு செய்ய இரண்டு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். ராஜா வந்தால் சிதம்பரம், ராணி வந்தால் சில்வர் பீச். "ஒன்ன தொடு எழிலு" என்பார். நான் ராஜாவைத் தொட்டால், "தொட்டுட்ட, கெளம்பு." ராணியைத் தொட்டால், "சரி, அத எடுத்தாச்சு. மிச்சம் சிதம்பரம்." அங்கேதான் அவர் வழக்கமாகப் புத்தகம் வாங்கும் பழைய புத்தகக் கடை. இந்தத் திருட்டுத்தனம் அவர் புத்தகம் ஒன்றிலேயே என் கண்ணில் பட்டது. நான் மூச்சு விடவில்லை.

தானே புயல் அன்று விடியும்போது முன்னறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை எழும்பி எழும்பி விழுந்தது. மகள் சிந்துஜாவை முந்தின நாளே எதிரில் ரூமானா அக்காவின் மாடி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். நடுவில் ஒரு தெருதான். அதில் கூரை ஓடுகளும் தகரங்களும் பறந்துகொண்டிருந்தன.

"வாங்க, போயிடலாம்."

"புக்கெல்லாம் நனஞ்சிடும். நீ போ."

அலமாரியைப் பிடித்தபடி நின்றார். இழுத்தேன், அசையவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. தாலி கட்டிய மனுஷனைக் காகிதத்துக்குக் காவல் வைத்துவிட்டு எப்படிப் போவது? அவர் சட்டைப் பையிலிருந்த சீட்டுக் கட்டிலிருந்து ஒரு ராஜாவையும் ஒரு ராணியையும் உருவிக் கவிழ்த்தேன்.

"ராஜா போறது, ராணி இருக்கிறது. ஒன்ன தொடுங்க."

பாம்பின் கால் பாம்புக்குத் தெரியாதா? ஆனாலும் தொட்டார். திருப்பினேன். ராணி.

"அத எடுத்தாச்சு. மிச்சம் ராஜா. கெளம்புங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தார். ஒரு தகரம் என் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போனது. செத்தோம் என்றே நினைத்தேன். அக்கா வீட்டுப் படியில் விழுந்து திரும்பிப் பார்த்தபோது முன்னறைக்குக் கூரை இல்லை. அலமாரி குப்புறக் கிடந்தது, அவர் நின்றிருந்த இடத்திலேயே.

உள்ளே போயும் அவருக்குப் பல் தந்தியடித்தது.

"ராஜாவ தொட்டிருந்தாலும் கெளம்புன்னுதான சொல்லியிருப்ப?"

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"புக்குக்காக இல்ல எழிலு. அந்தத் தெருவ பாத்து காலே வரல. யாராவது இழுத்துட்டுப் போனா தேவலன்னு இருந்துச்சி." சிந்துஜாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "புக்குல அந்த வித்த இருக்கிற பக்கத்துல ஒன் மஞ்சக் கை பட்டிருந்துச்சி. எத்தினியோ வருஷமா எனக்குத் தெரியும். நீயும் தெரிஞ்சுதான ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எங்கூட சிதம்பரத்துக்கு வந்த?"