நார்மல்

தேவாலய வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தது டாக்டர் லொரேட்டோ என்று தெரிந்ததும் நிபால்டோ காப்பித் தட்டைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டான். கப்புகள் இடித்துக்கொண்டு கொஞ்சம் காப்பி சிந்தியது. அவன் துடைக்கவில்லை.

"யாருடா அது?" என்றாள் அக்கா யாஸ்னா. தெரிந்தேதான் கேட்டாள்.

"டாக்டர்."

"ஆபரேஷன் பண்ணவளா? பண்ணதையும் பண்ணிட்டு மூஞ்சியக் காட்ட வேற வந்திருக்காளா?"

"அக்கா, சத்தம் போடாத."

"ஏன் போடக் கூடாது? செத்தது என் அம்மா."

அவனுக்கும் அம்மாதான்.

சிலி நாட்டுக் கொன்செப்சியோன் நகரத்தில் இரண்டு நாளாக விடாத மழை. தேவாலயத்தின் தகரக் கூரை ஓயாமல் சத்தம் போட்டது. நடுவில் சவப்பெட்டிக்குள், முகத்துக்கு மேல் கண்ணாடி வைத்து, அம்மா உபெர்லிந்தா படுத்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் முப்பது வருஷம் பெரிய பானைகளோடு மல்லுக்கட்டியவள். ஈரலில் வந்த புற்றுக்கட்டிக்குக் கீமோ மருந்து ஏற்றி, பிறகு அதை வெட்டி எடுக்கப் போய், ரத்தம் நிற்காமல், நேற்று ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ரெமிகியோ ஒரு கப்பை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "நிபால்டோ, இதக் காப்பின்னு உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. எழுந்து உக்காந்து திட்டுவா."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாஸ்னாவுக்கும் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாகிவிட்டது.

நிபால்டோ சிரிக்கவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. அக்கா டாக்டரைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையும் ஆள் மாறி விழுகிறது என்று அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சிமுலேட்டரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து, இல்லாத வயிற்றைத் திறந்து, இல்லாத ஈரலை வெட்டிப் பழகுவார்கள். கைப்பிடி சும்மா இருக்காது. அழுத்தினால் திருப்பித் தள்ளும், இழுத்தால் முரண்டு பிடிக்கும், தப்பாக வெட்டினால் கண்ணெதிரே ரத்தம் கொட்டும். சிக்கலான கேஸ் என்றால் நோயாளியின் ஸ்கேனையே உள்ளே ஏற்றித் தருவான். டாக்டர்கள் முந்தின நாளே அதில் ஒத்திகை பார்த்துக்கொள்வார்கள்.

ஸ்கேன் வடிவத்தைக் காட்டும். தொட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லாது. அதை அவன்தான் கோப்பைப் படித்துப் போட வேண்டும். நார்மல், கொழுப்பு, இறுகினது, நைந்தது. கீமோ வாங்கிய ஈரல் நைந்துபோயிருக்கும் என்பது அந்த வேலையில் அரிச்சுவடி. வேறு யாருடைய கோப்பாக இருந்தாலும் யோசிக்காமல் அதைத்தான் போட்டிருப்பான். கோப்பின் மேலே அம்மாவின் பெயர் இருந்தது. இந்தக் கட்டி வரும்வரை காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவள் இல்லை. அவளுக்கு 'நைந்தது' என்று போட அவனுக்குக் கை வரவில்லை. 'நார்மல்' என்று போட்டான். அவ்வளவுதான் நடந்தது. லொரேட்டோ சாயங்காலம் வரை பழகிவிட்டு, "உங்கம்மா ஈரல் சொன்ன பேச்சு கேக்குது, நிபால்டோ" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

லொரேட்டோ பெட்டியருகே நின்று கண்ணாடி வழியே பார்த்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். யாஸ்னாவிடம் கையை நீட்டினாள். யாஸ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிபால்டோ டாக்டரைப் பக்கவாட்டுத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனான்.

"டாக்டர், நான் நார்மல்னு போட்டேன்."

அவள் தாழ்வாரக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"தெரியும்" என்றாள். "திரை ஓரத்துலயே எழுதியிருந்துச்சே. பாத்தேன். மாத்தச் சொல்லணும்னு நெனச்சேன். கை நல்லா வந்துட்டு இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

"உள்ள எப்படி இருந்துச்சு?"

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"ஊறின ரொட்டி மாதிரி. பிடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சுது. தொட்டதுமே தெரிஞ்சிருச்சு. அப்பவே மூடிட்டு வந்திருக்கணும்."

"சரியாப் போட்டிருந்தா பொழச்சிருப்பாங்களா?"

"தெரியல, நிபால்டோ. ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல." குடையை விரிக்கப் போனவள் நின்றாள். "மெஷின்ல இருக்குற அந்தக் கேஸ அழிக்கிறதா இருந்தா அழிச்சிடுங்க. நான் கேக்க மாட்டேன்."

கதவருகே யாஸ்னா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"என்ன சொல்றா அவ?"

லொரேட்டோ வாயைத் திறக்குமுன் நிபால்டோ முந்திக்கொண்டான். "அக்கா, இவங்க பழகின மெஷின்ல அளவு போட்டது நான். தப்பாப் போட்டுட்டேன். அம்மா ஈரல் நல்லா இருக்குன்னு போட்டேன்."

யாஸ்னா ஓரடி கிட்டே வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"உள்ள ஆளுங்க காப்பி இல்லாம உக்காந்திருக்காங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. மறுநாள் கல்லறையில் பெட்டியை இறக்கும்போதும், ஈர மண்ணை ஆளுக்கொரு கைப்பிடி போடும்போதும் பேசவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். நிபால்டோவுக்குக் கால் கடுத்தது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது; அதற்காக வெட்கப்பட்டான்.

கூட்டம் கலைந்ததும் யாஸ்னா அருகில் வந்தாள்.

"அந்த மெஷின்ல அம்மா இன்னும் இருக்காளா?"

"அம்மா இல்லக்கா. ஈரல் மட்டும்."

"இனிமேலாவது சரியாப் போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அவனுக்கு லீவு இருந்தது. இருந்தும் சேறு ஒட்டிய ஷூவோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். போன் செய்ததும் லொரேட்டோ ஏன் என்று கேட்காமல் இறங்கி வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பிடிகளைப் பிடித்தாள். அவன் அம்மாவின் கேஸைத் திறந்து 'நைந்தது' என்று மாற்றி, இறுக்க அளவின் மேல் விரலை வைத்துக்கொண்டான்.

"இல்ல. இன்னும் மெத்துன்னு."

இறக்கினான்.

"இன்னும்."

மேலும் இறக்கினான். அவள் தொட்டாள், நிறுத்தினாள், மறுபடி தொட்டாள். மூச்சை விட்டாள்.

"ம். இதுதான்."

கண்ணாடியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அவன் அதை மாட்டாமல் கைப்பிடியை மட்டும் பிடித்து மெல்ல முன்னே தள்ளினான். எதிர்ப்பென்று ஒன்றும் இல்லை. கை போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டான்.

டாக்டர் போன பிறகு ராயேன் வந்தாள். அறுவைச் சிகிச்சை படிப்பில் முதல் வருஷம். கேலியும் கிண்டலுமாக வளைய வருகிறவள். ஊரில் இல்லாததால் துக்கச் சேதி அவளுக்கு எட்டியிருக்கவில்லை.

"என்னண்ணே, வயல்ல இருந்தா வர்றீங்க? ஷூவப் பாருங்க. திரையில என்ன, புதுக் கேஸா?"

"ஆமா."

"யாரு?"

"அறுபத்தெட்டு வயசு அம்மா. கீமோ வாங்கினவங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடங்கினாள். நிபால்டோ பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தான். முதல் பிடியிலேயே ஈரல் கிழிந்தது. அவள் பதறி இன்னொரு இடத்தைப் பிடித்தாள், அங்கேயும் கிழிந்தது. திரை முழுக்கச் சிவந்தது. ஓரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி இறங்கி நின்றது.

"போயிட்டாங்கண்ணே" என்றாள் ராயேன், கண்ணாடியைக் கழற்றாமலே. "மறுபடி போடுங்க."

நிபால்டோ மறுபடி போட்டான்.

"விரலத் தளர்த்திப் பிடிம்மா" என்றான்.